மேலே ஏறும் கேரேஜ் கதவு: திறந்தால் விளக்கு மறைகிறது. சீலிங்கை எப்படி அமைப்பது?

புதுக்கேரேஜ்

எல்லோருக்கும் வணக்கம். கட்டிக்கொண்டிருக்கும் கேரேஜுக்கு உட்கூரையும் விளக்கும் முடிவு செய்ய வேண்டிய கட்டம். சுவர் எழும்பிவிட்டது, மேலே மரச் சட்டங்கள் வெறுமையாகத் தெரிகின்றன, வயர் இன்னும் இழுக்கவில்லை. அதனால் இப்போது எதையும் மாற்றலாம்.

அகலம் 22 அடி, ஆழம் 24 அடி. தரையிலிருந்து சட்டத்தின் அடிப்பாகம் வரை 10 அடி. கதவு ஒன்றுதான்: 16 அடி அகலம், 7 அடி உயரம், பலகை பலகையாக மடங்கி மேலே ஏறி சீலிங்குக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும் வகை. கதவின் இருபுறமும் தலா 3 அடி சுவர் மிச்சம். பின்பாதிக்கு மேலே ஒரு படுக்கையறை வருகிறது. இரண்டு கார் நிற்கும், பின்சுவரை ஒட்டி ஒரு வேலை மேசை.

எலக்ட்ரீஷியன் போட்டுக்கொடுத்த படத்தில் ஆறு ரீசஸ்டு விளக்குகள் (சீலிங்குக்குள் பதிபவை), மூன்று மூன்றாக இரண்டு வரிசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால் முன்வரிசை மூன்றும் கதவுக்கு மேலே மாட்டிக்கொள்கின்றன. கேட்டதற்கு, "திறந்திருந்தால் வெளியிலிருந்து வெளிச்சம் வருமே" என்றார். ராத்திரியில் எங்கிருந்து வரும்?

விளக்கை எங்கே வைப்பது, சீலிங்குக்கு என்ன பலகை, வேறு எதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், மூன்றையும் சொல்லுங்கள்.

திருகுசாவி

கதவு மாட்டுவதுதான் என் தொழில், அதனால் என் பக்கத்திலிருந்து பேசுகிறேன். விளக்குப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் எந்த டிராக் (கதவின் ரோலர் ஓடும் தடம்), எந்த மோட்டார் என்று முடிவாக வேண்டும். கதவு எங்கே போய்ப் படுக்கிறது என்று தெரியாமல் விளக்கின் இடத்தைக் குறிக்க முடியாது.

உங்களுக்கு 7 அடி வாசல், 10 அடி கூரை. வாசலின் மேல்விளிம்பிலிருந்து சீலிங் வரை 3 அடி இருக்கிறது. இதைத்தான் நாங்கள் ஹெட்ரூம் என்போம். சாதாரண டிராக்குக்கு ஓர் அடி, மிஞ்சினால் 15 அங்குலம் போதும். அதாவது சாதாரண டிராக் போட்டால் கதவு ஏறக்குறைய எட்டடி உயரத்திலேயே படுத்துவிடும். அதற்கு மேலே இரண்டு அடி வெற்றிடம் சும்மா கிடக்கும், விளக்கும் அங்கேயே சிறைப்படும்.

உங்களுக்கு இருக்கும் இன்னொரு வழி ஹை-லிஃப்ட் டிராக். நேர் டிராக் வாசலைத் தாண்டி இன்னும் ஒன்றரை, இரண்டு அடி சுவரோடு ஏறிய பிறகுதான் வளையும். கதவு சீலிங்கை ஒட்டிப் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டடி ஹை-லிஃப்ட் என்றால் திறந்த நிலையிலும் கதவின் அடிப்பகுதி இரண்டடி சுவரோடு செங்குத்தாகவே நிற்கும். படுத்துக் கிடப்பது ஐந்தடிதான். ஆக, விளக்கை மறைக்கும் பரப்பே குறைகிறது.

ஆனால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஹை-லிஃப்டுக்குக் கேபிள் சுற்றும் டிரம் வேறு, ஸ்பிரிங் கணக்கு வேறு, கேபிள் நீளம் வேறு. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். நடுவில் தண்டவாளம் ஓடும் வழக்கமான மோட்டாரும் இதற்கு ஒத்துவராது. ஸ்பிரிங் தண்டின் முனையில் சுவரோடு பொருந்தும் ஜாக்ஷாஃப்ட் மோட்டார் வேண்டும். அதற்குக் கதவின் ஒரு பக்கம் சுமார் 8 அங்குலம் இடம் கேட்பார்கள். உங்களிடம் 3 அடி இருக்கிறது, கவலையில்லை.

லுமென்

திருகுசாவி சொன்னது சரி. விளக்குப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

இந்த மாதிரிக் கேரேஜில் சீலிங் இரண்டு. ஒன்று நீங்கள் அடிக்கும் நிலையான சீலிங். இன்னொன்று வந்து போகும் சீலிங், அதாவது திறந்த கதவு. அந்த இரண்டாவது சீலிங்கின் நிறம் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. கதவு மடங்கிப் படுக்கும்போது அதன் வெளிப்புறம் மேலே பார்க்கும், உட்புறம் கீழே பார்க்கும். வீட்டு முகப்புக்குப் பொருத்தமாக வெளிப்புற நிறத்தை மட்டும் பார்த்துக் கதவு வாங்குகிறோம் அல்லவா? உட்புறமும் அடர் பழுப்பு, கறுப்பு என்று இருந்தால், இரவில் திறக்கும்போது அந்த நிறம்தான் காருக்கு மேலே 112 சதுர அடிக்கு விரிகிறது. மட் வெள்ளைச் சீலிங் தன்மேல் விழும் ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர் நிற உட்புறம் அநேகமாக எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

முகப்புக்காக வெளிப்புறம் அடர் நிறம் வேண்டும் என்றால் எடுங்கள், தடையில்லை, உட்புறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். ஆனால் கதவு திறந்த நிலையில் எதிரொளியை நம்ப வேண்டாம், நேராக விழும் வெளிச்சமாகக் கணக்குப் போடுங்கள்.

மரத்தூள்

நான் எதிர்க்கட்சி. 😀

ஹை-லிஃப்ட் எல்லாம் எதற்கு? சாதாரண டிராக்கே இருக்கட்டும். கதவுக்கு மேலே கிடைக்கிற அந்த இரண்டடிதான் கேரேஜிலேயே நல்ல பரண். சீலிங்கிலிருந்து தொங்கும் இரும்புத் தட்டு போட்டு, வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாமான்களை ஏற்றிவிடுங்கள். அந்த இடத்தில் விளக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சீலிங்குக்கு ஜிப்சத்துக்குப் பதில் ப்ளைவுட் அடித்து வெள்ளை பெயின்ட் பூசினால் எங்கு வேண்டுமானாலும் கொக்கி திருகலாம்.

அப்புறம், கதவு திறந்த நிலையில் எத்தனை நேரம் இருக்கப்போகிறது? கார் நுழையும் ஒரு நிமிடம், வெளியேறும் ஒரு நிமிடம். அதற்காக முழு வடிவமைப்பையும் திருப்ப வேண்டுமா?

திருகுசாவி

மரத்தூள், பரண் யோசனையை நான் ஒதுக்கவில்லை, நிறைய இடங்களில் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, திறந்து கிடக்கும் கதவின் மேல்மட்டத்திலிருந்து சீலிங் வரை அளந்து, "ஆஹா, 22 அங்குலம் இருக்கிறது" என்று தட்டை இறக்கிவிடுகிறார்கள். கதவு படுத்திருக்கும் உயரமும், போகிற வழியில் தொடும் உயரமும் ஒன்றல்ல. மேல் பலகை வளைவில் திரும்பும்போது அதன் விளிம்பு நிமிர்ந்து, கடைசியில் கிடக்கும் மட்டத்தையும் தாண்டி எழும்பிப் போகும். ஹெட்ரூம் ஓர் அடி கேட்பதே அதற்காகத்தான். விளக்கு, தட்டு, குழாய், சென்சார் எதுவானாலும் வளைவுக்கு அருகில் வைப்பதென்றால் கதவை மெதுவாகக் கையால் ஏற்றி, மேல் பலகையின் விளிம்பு தொடும் உச்சத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு அளவெடுங்கள்.

இரண்டு, பரணிலிருந்து ஏதாவது நழுவி, மூடியிருந்த கதவின் கிடை டிராக்கில் விழுந்தால் அடுத்த முறை ரோலர் அங்கே போய் முட்டும். மோட்டார் தள்ளிக்கொண்டே போனால் பலகை நெளியும். தட்டுக்கு நாலு பக்கமும் விளிம்பு இல்லாமல் போடாதீர்கள்.

புதுக்கேரேஜ்

> கதவு திறந்த நிலையில் எத்தனை நேரம் இருக்கப்போகிறது?

என் விஷயத்தில் நிறைய நேரம். மாலையில் காரில் கைவேலை பார்ப்பவன் நான். எஞ்சினை ஓட விட்டுப் பார்க்கும்போது கதவை மூடி வைக்க முடியாது, கார்பன் மோனாக்சைடு. வெயில் காலத்தில் மூடினால் உள்ளே உட்காரவும் முடியாது. ஆகவே இருட்டு, திறந்த கதவு, அதன் கீழே பானெட்டைத் தூக்கிய கார். இதுதான் எனக்கு வழக்கமான நிலை. படத்தில் விடுபட்டதும் இதுதான்.

மேலே படுக்கையறை வருவதால் ப்ளைவுட் சரிப்படுமா என்றும் சந்தேகம்.

லுமென்

சரிப்படாது. குடியிருக்கும் அறைக்குக் கீழே கேரேஜ் என்றால் அந்தச் சீலிங் நெருப்பைத் தாமதப்படுத்த வேண்டும். 16 மி.மீ. தீத்தடுப்பு ஜிப்சம் போர்டு இதற்கென்றே இருக்கிறது, உள்ளே கண்ணாடியிழை கலந்தது. பல நாட்டுக் கட்டட விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் இடத்து விதி என்ன என்பதை அனுமதி வாங்கும்போது கேட்டுவிடுங்கள். மரத்தூளுக்குக் கொக்கி மேல் ஆசை என்றால் ஜிப்சம் அடித்த பிறகு, அதற்குக் கீழே, சட்டத்தைப் பிடித்து ஒரு பட்டை மரம் அடிக்கலாம்.

அதே காரணத்தால்தான் அந்த ஆறு ரீசஸ்டு விளக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நெருப்புத் தடுப்பில் ஒரு வட்ட ஓட்டை. தீத்தடுப்புச் சான்றுள்ள ஃபிட்டிங் கிடைக்கும்தான், ஆனால் எதற்கு வீண் வேலை? ஓட்டை வழியாகப் பெட்ரோல் வாடையும் புகையும் படுக்கையறைக்கு ஏறுவது வேறு. சீலிங்குக்கு வெளியே ஒட்டி நிற்கும் நாலடி எல்இடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு) போடுங்கள். வயர் வரும் சின்னத் துளையைத் தீத்தடுப்பு சீலன்ட் வைத்து அடைத்துவிடலாம்.

ரீசஸ்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒளியைக் கூம்பாகக் கீழே மட்டும் இறக்குகிறது. கேரேஜில் நாம் பார்க்க வேண்டியதெல்லாம் காரின் பக்கவாட்டு, டயர், சுவர் அலமாரி என்று செங்குத்தாக நிற்பவை. நீள விளக்கு பக்கவாட்டிலும் பரப்பும்.

இழைக்காப்பாளர்

தலைப்பைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், தேடுபவர்களுக்குக் கிடைக்க வசதியாக இருக்கும். தொடருங்கள்.

பழையஎஞ்சின்

நானும் கார் வேலைக்காரன்தான். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பானெட்டுக்கு நேர் மேலே எவ்வளவு பெரிய விளக்கு வைத்தாலும், குனிந்தால் உங்கள் தலையும் தோளும்தான் எஞ்சின் மேல் நிழலாக விழும். போதாததற்குத் தூக்கிய பானெட்டும் ஒரு கூரை. எஞ்சினுக்கு வெளிச்சம் இருபுறமிருந்தும் குறுக்கே வர வேண்டும். இரண்டு காருக்கும் நடுவில் ஒரு நீள வரிசை, பக்கச் சுவர்களில் ஆறடி உயரத்தில் தலா ஒரு வரிசை. கார்களுக்கு இணையாக ஓடட்டும். சுவர் விளக்கு டிராக்குக்குக் கீழே இருப்பதால் கதவு திறந்தாலும் மூடினாலும் அதற்கு ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது கண் கூச்சம். ஆறடி என்பது கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல்தான். பால்நிற மூடி இல்லாத விளக்கைச் சுவரில் வைத்தால் காருக்கு அந்தப்புறம் நிற்பவர் கண்ணைச் சுருக்க வேண்டியதுதான்.

என்றைக்காவது காரைத் தூக்கும் லிஃப்ட் போடும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் ஹை-லிஃப்ட் டிராக் என்பதில் பேச்சே இல்லை. சாதாரண டிராக்கில் எட்டடியில் கதவு படுத்திருக்க, கீழே காரை எப்படித் தூக்குவீர்கள்? காரின் அடியில் வேலை பார்க்கும்போது சீலிங் விளக்கு சுத்தமாக உதவாது, காரே மறைத்துவிடும். அப்போதும் இந்தச் சுவர் விளக்குதான் கை கொடுக்கும்.

மரத்தூள்

சரி, எஞ்சின் கதை தெரியாமல் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மரவேலைதான். 😀 ஆனால் கதவுக்கு மேலே விளக்கே வேண்டாம் என்ற என் கட்சி இப்போது ஜெயித்துவிட்டது போலிருக்கிறதே?

லுமென்

முழுதாக ஜெயிக்கவில்லை. கதவு மூடியிருக்கும்போது முன்பக்க மூன்றில் ஒரு பங்கு இருட்டாகிவிடும். சுத்தம் செய்ய, சாமான் எடுக்க அங்கும் வெளிச்சம் வேண்டும். கதவுக்கு மேலே இரண்டு பேட்டன் இருக்கட்டும், ஆனால் தனி சுவிட்சில். மொத்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள். திறந்த கதவை வைத்துக் கணக்குப் போட்டு, அது நிறைவாக வந்த பிறகு, மூடிய கதவுக்கு இவை உபரி.

கணக்கையும் போட்டுவிடுவோம். 22 × 24 என்றால் 528 சதுர அடி, சுமார் 49 சதுர மீட்டர். கார் நிறுத்துவதற்கு மட்டும் என்றால் தரையில் 75 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி, லுமென் கணக்கில்) போதும், ஐரோப்பிய உள்ளரங்க விளக்குத் தரமான ஈஎன் 12464-1 வாகன நிறுத்துமிடத்துக்குச் சொல்வது அதுதான். ஆனால் நீங்கள் வேலை செய்பவர். பொதுவாக 300 லக்ஸ், வேலை மேசையில் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

49 × 300 = 14,700 லுமென். இது தரைக்கு வந்து சேர வேண்டியது. விளக்கிலிருந்து புறப்படுவதெல்லாம் வந்து சேராது. சுவர், சாமான், காரின் கூரை விழுங்குவது ஒரு பக்கம், தூசியாலும் வயதாலும் மங்குவது இன்னொரு பக்கம். முதலாவதற்கு 0.6, இரண்டாவதற்கு 0.8 என்று எடுத்தால் பெருக்கல் 0.48. 14,700-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 30,600 லுமென். நாலடி இரட்டை பேட்டன் ஒன்று சுமார் 4,000 லுமென் தருவதாக வைத்தால் எட்டு வேண்டும்.

எட்டையும் எங்கே வைப்பது? உங்கள் கதவுக்கு இருபுறமும் உள்ள 3 அடிப் பட்டை பெரிய வரம். அந்தச் சீலிங்கைக் கதவு ஒருபோதும் மறைக்காது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு அங்கே, காருக்கு இணையாக. மீதி நான்கு பின்பகுதியில், கதவு வந்து முடியும் இடத்தைத் தாண்டி. அதில் ஒரு ஜோடியை வேலை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே கொண்டுவந்தால் நீங்கள் நிற்கும்போது உங்கள் நிழல் மேசையில் விழாது. பழையஎஞ்சின் சொன்ன சுவர் விளக்கு இதற்கு மேல். நடு வரிசையைக் கதவு முடியும் இடத்திலிருந்து பின்னோக்கித்தான் ஓட்ட முடியும்.

நிறம் 4000 கெல்வின் என் விருப்பம். 5000 வரை போகலாம், அதற்கு மேல் நீலம் தட்டும். பெயின்ட் வேலை பார்ப்பதாக இருந்தால் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், 100-க்கு) 90 உள்ளதாக எடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பேனலுக்குப் பொருந்தியதாகத் தெரிந்த நிறம் வெயிலில் போனதும் வேறாகத் தெரியும். தரைக்குப் பளபளக்கும் எப்பாக்ஸி பூசப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு விளக்கும் தரையில் இன்னொரு முறை எரியும். மூடி போட்ட ஃபிட்டிங்குக்கு அதுவும் ஒரு காரணம்.

புதுக்கேரேஜ்

இவ்வளவு விளக்கமாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஹை-லிஃப்ட் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஜாக்ஷாஃப்ட் மோட்டார் பற்றி இரண்டு கேள்வி. வழக்கமான மோட்டாரில் கதவு திறந்ததும் எரியும் விளக்கு இருக்குமே, இதில் என்ன ஆகும்? சத்தம் மேலறைக்குப் போகுமா?

திருகுசாவி

சத்தத்தில்தான் இது நிம்மதி. தண்டவாள மோட்டார் சீலிங் சட்டத்திலிருந்தே தொங்குகிறது. சங்கிலி அதிரும் ஒவ்வொரு அதிர்வும் மேலறைத் தரைக்குப் போகும், இடையில் ரப்பர் வைத்தாலும் முழுதாக நிற்காது. ஜாக்ஷாஃப்ட் சுவரில் இருக்கிறது. சீலிங்கின் நடுவும் காலியாகும். 7 அடிக் கதவுக்குத் தண்டவாளமும் மோட்டாருமாகச் சேர்ந்து உள்ளே பத்தடிக்கு மேல் நீளும், அது மிச்சம்.

விளக்கு பெரும்பாலும் அதன் உடம்பில் இருக்காது. கம்பியில்லாமல் பேசும் தனி விளக்கு ஒன்றைச் சீலிங்கில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அதற்குச் சீலிங்கில் ஒரு பாயின்ட் விடுங்கள், கதவு மறைக்காத இடத்தில். மோட்டாருக்கான சாக்கெட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், மேலே. எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் சீலிங் நடுவில் சாக்கெட் வைத்துவிட்டுப் போவார், இப்போதே சொல்லிவிடுங்கள். மோட்டாரும் விளக்கும் ஒரே சர்க்யூட்டில் வேண்டாம். மோட்டார் இழுத்துப் பிரேக்கர் விழுந்தால் இருட்டில் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. டார்ஷன் ஸ்பிரிங்கை (வாசலுக்கு மேலே தண்டில் இருக்கும் முறுக்கு ஸ்பிரிங்) யாரும் வீட்டில் இறுக்கித் தளர்த்திப் பார்க்க வேண்டாம். அந்தக் கதவின் மொத்த எடையையும் தாங்கும் விசை அதில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கம்பி நழுவினால் கை போகும். நீங்கள் செய்யக்கூடியது சமநிலைச் சோதனை மட்டும். கதவை மூடிய நிலையில் வைத்து, மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் பாதி ஏற்றி மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள், காலும் கையும் அடியில் வேண்டாம். கதவு அங்கேயே நின்றால் சரி. இறங்கினாலோ ஏறினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று வருவது. உங்களைப் போல் அடிக்கடி திறப்பவர் கூடுதல் ஆயுள் உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.

பழையஎஞ்சின்

மலிவான எல்இடி வாங்கும்போது ரிமோட்டையும் நினைவில் வையுங்கள். எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சுற்று ரேடியோ இரைச்சல் எழுப்பும். கதவு ரிமோட் வேலை செய்யும் 300, 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அந்த இரைச்சல் விழுந்தால், விளக்கு எரியும்போது ரிமோட் பத்தடிக்குள் வந்தால்தான் கேட்கும், அணைத்தால் தெருமுனையிலிருந்தே கேட்கும். ரிமோட் கெட்டுவிட்டது, மோட்டார் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். விளக்கை அணைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டாரின் ஆன்டெனா வயருக்குப் பக்கத்தில் விளக்கை வைக்காமல் இருப்பது பாதி மருந்து.

மரத்தூள்

ஆள் நுழைந்தால் தானாக எரிகிற சென்சார் பற்றி யாரும் பேசவில்லையே. என்னுடையதில் சீலிங் நடுவில் ஒன்று இருக்கிறது. கதவு திறந்திருந்தால் அது குருடு. நான் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

லுமென்

அதே கதைதான், சென்சாருக்கும் இந்த வந்துபோகும் சீலிங் மறைப்பு. உடம்புச் சூட்டைப் பார்க்கும் பிஐஆர் சென்சார் கதவுப் பலகை வழியாக எதையும் பார்க்காது. வெயிலில் காய்ந்த கதவு ஏறி இறங்கினால் அந்தச் சூட்டை ஆள் என்று நினைத்து எரிந்தாலும் எரியும். மைக்ரோவேவ் சென்சார் மெல்லிய மரம், பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கும், தகரக் கதவு வழியாக அதுவும் பார்க்காது. பக்கச் சுவரில், டிராக்குக்குக் கீழே, கதவைப் பார்க்காமல் உள்நோக்கித் திருப்பி வையுங்கள்.

சென்சாரை எல்லா விளக்குக்கும் கொடுக்காதீர்கள். நுழைவுக்கு ஒரு ஜோடி போதும். காருக்கு அடியில் அசையாமல் படுத்திருக்கும்போது, ஆள் இல்லை என்று சென்சார் முழு விளக்கையும் அணைத்தால் வாயில் வருவது எழுதக்கூடியதாக இருக்காது.

புதுக்கேரேஜ்

எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து படத்தை மாற்றிவிட்டேன். ரீசஸ்டு ஆறும் போயிற்று. ஹை-லிஃப்ட் இரண்டடி, ஜாக்ஷாஃப்ட். பக்கப் பட்டைகளில் நான்கு பேட்டன், பின்னால் நான்கு, கதவுக்கு மேல் இரண்டு தனி சுவிட்சில். சுவரில் ஆறடி உயரத்துக்கு வயர் மட்டும் இழுத்து வைத்துக்கொள்கிறோம். கதவு உட்புறமும் வெளிர் சாம்பல், வீட்டில் கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு. சீலிங் 16 மி.மீ. தீத்தடுப்பு ஜிப்சம், மட் வெள்ளை.

பலகை அடிக்க ஆள் அடுத்த வாரம் வருகிறார், கதவு வர இன்னும் நாளாகும். கதவுக்குக் காத்திருந்துவிட்டுச் சீலிங் அடிப்பதா, சீலிங் முடித்துவிட்டுக் கதவா?

திருகுசாவி

சீலிங் முதலில். கதவு மாட்டிய பிறகு அடித்தால் டிராக்கைத் தாங்கும் ஒவ்வொரு இரும்பு ஆங்கிளையும் சுற்றி வெட்டி ஒட்டுப்போட வேண்டும். தீத்தடுப்பு என்று சொல்லிக்கொண்டு அத்தனை இடைவெளி விடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் பலகை மூடுவதற்கு முன் ஒரு வேலை. கிடை டிராக்கைத் தாங்கும் துளையிட்ட ஆங்கிள் ஜிப்சத்தில் நிற்காது, மரத்தில்தான் நிற்க வேண்டும். டிராக் போகும் கோடும் உங்கள் சட்டமும் ஒன்றாக அமையாது. கதவுக்காரரிடம் இப்போதே அளவு வாங்கி, அந்த இடங்களில் சட்டத்துக்குச் சட்டம் குறுக்குக் கட்டை அடித்துவிடுங்கள். ஸ்பிரிங் தண்டின் நடுத்தாங்கிக்கும் வாசலுக்கு மேல் சுவரில் கனமான மரம் வேண்டும். ஹை-லிஃப்ட் என்பதால் அது வழக்கத்தைவிட இரண்டடி உயரத்தில் வரும், சுவர் ஆளுக்கு இது தெரிந்திருக்காது. மூடுவதற்கு முன் அளவு நாடாவை விரித்து வைத்து ஒவ்வொரு கட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கப் பட்டையில் பேட்டன் வைக்கிறீர்கள் அல்லவா, டிராக் ஆடாமல் இருக்கச் சாய்வாக ஒரு ஆங்கிள் சீலிங்குக்குப் போகும். அது பெரும்பாலும் வெளிப்பக்கம், அதாவது உங்கள் பேட்டன் இருக்கும் பக்கம்தான் சாயும். சாய்வை எந்தத் திசையில் வைப்பது என்று கதவு மாட்ட வருபவருக்கு விளக்குப் படத்தை முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அவர் பேட்டனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஆங்கிளை அடித்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

புதுக்கேரேஜ்

அளவு கேட்டு அனுப்பிவிட்டேன். குறுக்குக் கட்டை நாளைக்கு.